கிராணி என்றொரு குடும்பப்பெயர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தகப்பனார் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் கிராணியாக (தோட்ட ஆபீசின் எழுத்தராக) இருந்தவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், டவுனில் என்னை ‘கிராணி வீட்டுப் பிள்ளை’ என்றே அடையாளம் சொல்கிறார்கள். சென்ற மாதம் என் பேத்தி வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் ஒப்பந்தத்தைச் செய்த ஆளுநரின் பெயர் ஆண்ட்ரூ கிளார்க் என்று அதில் வந்தது. “தாத்தா, கிளார்க் என்றால் கிராணிதானே? கிராணி எப்படி கவர்னர் ஆனார்?” என்று கேட்டாள். பெயர் வேறு, வேலை வேறு என்று சொல்லிவிட்டேன். ஆனால் அது சரியான பதில்தானா என்று மனம் உறுத்துகிறது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, இப்போது எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்று விளக்க வேண்டும்.
— ஓய்வுபெற்ற தபால்காரர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, தங்கள் பேத்தி கேட்டதில் பிழையே இல்லை. இன்றைய வழக்கில் பெயர் வேறு, வேலை வேறு என்பது உண்மைதான். ஆனால் பிறந்த இடத்தைத் தேடிப் போனால், ஆளுநரின் பெயரும் தங்கள் தகப்பனார் பார்த்த வேலையும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள். ‘கிளார்க்’ என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயர் முதன்முதலாக ஒருவர்மீது ஒட்டிக்கொண்ட காலத்தில், அதற்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதே பொருள். நம் தோட்டத்துத் தமிழில் அதற்குக் ‘கிராணி’யைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘கிளேரோஸ்’ என்றால் அங்கே சீட்டு. சீட்டுக் குலுக்கிக் கிடைத்த பங்குக்கும் அதுவே பெயர். உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை முறையைப் பள்ளியில் படித்திருப்போம். பண்டைய கிரேக்கரும் அதைப்போலவே பல பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் கிறிஸ்தவத் திருச்சபை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. லேவி குலத்தாருக்கு நிலத்தில் பங்கில்லை, ஆண்டவரே அவர்களுடைய பங்கு என்று பழைய ஏற்பாடு கூறுகிறது. அந்தப் பங்கைக் குறித்த சொல்லே, ஆண்டவர் பணிக்கென ஒதுக்கப்பட்டவர்களைக் குறிப்பதாயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அது லத்தீனில் ‘கிளெரிகுஸ்’ என்றும், பழைய ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ‘கிளெர்க்’ என்றும் ஆயிற்று. 1086ஆம் ஆண்டில், இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதச் செய்த டூம்ஸ்டே பதிவேட்டிலேயே, பலருடைய பெயர்களுக்குப் பின்னால் ‘கிளெரிகுஸ்’ என்ற அடைமொழி நிற்பதைக் காணலாம்.

குருமாரின் பட்டம் எப்படிக் குடும்பப்பெயராகும், அவர்கள் மணம் செய்துகொள்ளாதவர்கள் ஆயிற்றே என்று தாங்கள் கேட்கலாம். திருச்சபைப் பணியில் பல படிகள் இருந்தன. பூசை நிறைவேற்றும் குருவுக்கும் அவருக்கு அடுத்த நிலையினருக்கும்தான் மணத்தடை. அதற்குக் கீழ்ப் படிகளில் இருந்தவர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்தார்கள். வாசகம் படிப்பது, கோயில் கதவுகளைக் காப்பது, சிற்றுதவிகள் செய்வது என்பவை அவர்களுடைய வேலைகள். அக்காலத்து ஐரோப்பாவில் எழுத்தறிவு பெரும்பாலும் திருச்சபையின் கையில் இருந்தபடியால், பண்ணைப் பிரபுவுக்குக் கணக்கு எழுதவோ, நிலப்பத்திரம் தயாரிக்கவோ, வழக்குமன்றப் பதிவேடு எழுதவோ ஆள் தேவைப்பட்டால் இவர்களைத்தான் கூப்பிட வேண்டும். இப்படித்தான் ‘கிளெர்க்’ என்ற சொல் மெல்ல மெல்லக் கோயிலை விட்டு வெளியே வந்து, எழுத்து வேலை பார்ப்பவர் எல்லாருக்கும் பொதுவாயிற்று.

எழுதப் படிக்கத் தெரிவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். திருச்சபைப் பணியைச் சேர்ந்தவரை அரசு நீதிமன்றம் தூக்கிலிட முடியாது என்ற சலுகை இங்கிலாந்தில் இருந்தது. ஒருவர் திருச்சபையைச் சேர்ந்தவரா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது? விவிலியத்தை விரித்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வழக்கமாகக் கொடுக்கப்பட்டது, கடவுளிடம் இரக்கம் கேட்டுத் தொடங்கும் 51ஆம் சங்கீதம். அதை வாசித்தவர் கழுத்துத் தப்பியது. நாளடைவில் திருச்சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் வாசிக்கத் தெரிந்த ஒரே காரணத்துக்காக இந்தச் சலுகையைப் பெறத் தொடங்கினார்கள். 1489ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அத்தகையோர் ஒரு தடவைக்கு மேல் தப்பக் கூடாது என்பதற்காக, அவர்களுடைய கட்டைவிரலில் சூடு போட்டு அடையாளம் வைக்கச் சொன்னது. 1598இல் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றுவிட்ட நாடக ஆசிரியர் பென் ஜான்சன் இப்படித்தான் உயிர் தப்பினார், கட்டைவிரலில் வடுவோடு. 1827இல்தான் இந்தச் சலுகை அடியோடு நீக்கப்பட்டது. சம்பள நாளன்று ஆபீசு மேசைமுன் வரிசையில் நின்று, மை தடவிய கட்டைவிரலைப் பதித்துச் சம்பளம் வாங்கிய நம் பாட்டன் பாட்டிமாரை நினைக்கும்போது, அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு ஊரில் இருந்த மதிப்பின் காரணம் எளிதில் விளங்கும். இங்கிலாந்திலும் ‘கிளெர்க்’ என்ற சொல் அந்த மதிப்போடுதான் ஒருவர் பெயரோடு சேர்ந்தது.

சேர்ந்தது எப்படி என்பதற்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருந்தார்கள். ஒருவர் நெட்டை முனியாண்டி. ஒருவர் மாட்டுக்கார முனியாண்டி. இன்னொருவர் மேட்டு லயத்து முனியாண்டி. நான்காமவர் கறுப்பையா மகன் முனியாண்டி. விடிவதற்கு முன், வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது இந்த அடைமொழிகள் இல்லாமல் காரியம் நடக்காது. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலையும் இதுவே. ஆண்களில் பெரும்பாலோருக்கு ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய பெயர்களே இருந்தன. ஆகவே, உடல்தோற்றம், தொழில், குடியிருக்கும் இடம், தகப்பன் பெயர் என்னும் அதே நான்கு வழிகளில் ஆளைப் பிரித்துச் சொன்னார்கள். நெட்டை ஜான் ‘லாங்’ ஆனார். மேட்டில் குடியிருந்தவர் ‘ஹில்’ ஆனார். தகப்பன் பெயரால் அறியப்பட்டவர் ‘ஜான்சன்’, ‘ராபர்ட்சன்’ என்று ஆனார். எழுதத் தெரிந்தவர் ‘கிளார்க்’ ஆனார். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்ட வரி, ஆளாளாகப் பெயர் எழுதும் தேவையை உண்டாக்கியது. வரிப்பட்டியலில் ஏறிய அடைமொழிகள் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கின. 1400ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பரம்பரைப் பெயர் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த கிளார்க் எழுத்து வாசம் அறியாத உழவராக இருந்தாலும் அவர் கிளார்க்தான்.

ஒலி ஏன் ‘கிளெர்க்’ என்பதிலிருந்து ‘கிளார்க்’ என மாறியது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் ‘எர்’ என்ற ஒலி பல சொற்களில் ‘ஆர்’ என்று விரிந்தது. ஊர்ப்பெயரான டெர்பி, டார்பி என்று ஒலிக்கத் தொடங்கியது இப்படித்தான்; அதே ஒலியில் எழுதப்பட்ட குடும்பப்பெயர்தான் 1910இல் மலாக்காவில் வில்லியம் சைமோடு சேர்ந்து கம்பெனி தொடங்கிய ஹென்றி டார்பியின் பெயர். நம்மில் பலருடைய குடும்பங்கள் வாழ்ந்த தோட்டங்களின் பெயர்ப்பலகையில் சைம் டார்பி என்று நின்றது அந்த ஒலிமாற்றத்தின் எச்சம். ‘கிளார்க்’ விஷயத்தில் நடந்தது சற்று விசித்திரமானது. வேலையைக் குறிக்கும் சொல்லின் எழுத்து பழையபடியே ‘எர்’ என்று நின்றுவிட, குடும்பப்பெயர் மட்டும் ஒலிக்கேற்ப ‘ஆர்’ என்று எழுத்திலும் மாறிக்கொண்டது. பிரிட்டனில் இரண்டையும் இன்றும் ஒரேமாதிரிதான் ஒலிக்கிறார்கள். அமெரிக்கர்கள் எழுத்தைப் பார்த்து வேலைப்பெயரை ‘கிளர்க்’ என்கிறார்கள். மலாயாத் தமிழர் வாயில் வந்த ‘கிளார்க்’ பிரிட்டிஷ் துரைமார் வாயிலிருந்து நேரே காதுவழி வந்தது. ஆகையால்தான் தங்கள் பேத்திக்குப் பாடப்புத்தகத்தில் ஆளுநர் பெயரைக் கண்டதும் தாத்தாவின் அப்பா பார்த்த வேலை நினைவுக்கு வந்தது. அமெரிக்கப் பிள்ளைக்கு அப்படித் தோன்றியிருக்காது.

இனி, ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க். இவர் அரசப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1873 முதல் 1875 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பகுதிகளின்) ஆளுநராக இருந்து, 20 ஜனவரி 1874 அன்று பங்கோர் தீவருகே நின்ற கப்பலில் ஒப்பந்தத்தை முடித்தார். பேராக்கில் சுல்தானுக்கு ஆலோசகராக பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஒருவர் அமர்த்தப்பட்டது அந்த ஒப்பந்தத்தினால்தான். பின்னாளில் இந்த மாநிலத்தில் காடு வெட்டித் தோட்டம் போடவும் அந்த ஆட்சியே வழி திறந்தது. சிங்கப்பூரில் ஆற்றங்கரையில் உள்ள கிளார்க் கீ என்னும் படகுத்துறை இவர் பெயரைத் தாங்கியது. (முதல் ரெசிடெண்டாக வந்து, 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச்சின் பெயர் ஒரு மரத்தின் பெயர், அம்மரங்கள் நின்ற இடத்தில் குடியிருந்தவர்கள் பெற்ற பெயர் அது.) ஆளுநரின் முன்னோரில் யாரேனும் எழுத்தராக இருந்தாரா என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. காரணத்தை அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப்பெயர்களை எண்ணி வெளியிடுவதால் அந்நாட்டுக்குத் தெளிவான கணக்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் அங்கே 548,369 பேருக்கு இப்பெயர் இருந்தது. 2010இல் 562,679 பேர். அதாவது ஏறத்தாழ 520 பேருக்கு ஒருவர். ஆனால் வரிசையில் இப்பெயர் 1990இல் 21ஆம் இடத்திலும், 2000இல் 25ஆம் இடத்திலும், 2010இல் 27ஆம் இடத்திலும் இருந்தது. ஆட்கள் கூடியும் இடம் இறங்கியதற்குக் காரணம், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களின் கார்சியா, ரொட்ரிகஸ், மார்டினெஸ் போன்ற பெயர்கள் வேகமாகப் பெருகியதே. முதலிடத்தில் நிற்கும் ஸ்மித், அதாவது கொல்லர், 2010இல் 2,442,977 பேர். ஊருக்கு ஊர் உலைக்களம் தேவைப்பட்டது. எழுத்தறிந்தவர் அந்த அளவுக்கு எங்கும் இல்லை. என் கண்ணுக்கு, ஸ்மித்தில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகக் கிளார்க் நிற்பது குறைவென்று படவில்லை. படித்தவர் அரிதாக இருந்த ஒரு காலத்திலிருந்து இவ்வளவு பேர் வந்திருப்பதே வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் கிளார்க்குகளில் நான்கில் மூன்று பங்கினர் வெள்ளையர். எஞ்சியோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களுடைய முன்னோருக்கு இப்பெயர் எப்படி வந்தது என்பதையும் கீழே தொட்டிருக்கிறேன்.

பேத்தியிடம் இப்படிச் சொல்லலாம்: அந்த கவர்னர் கிராணியாக இருந்தவர் அல்லர், ஆனால் அவர் பெயர் கிராணிதான்.

கேள்வி: சிங்கப்பூரில் உள்ள பெயர்ப்பலகையில் கிளார்க் என்பதன் கடைசியில் ‘இ’ என்ற எழுத்து இருக்கிறது. சில இடங்களில் அது இல்லை. இரண்டும் வெவ்வேறு பெயர்களா?
— இல்லத்தரசி, தெலுக் இந்தான்

பதில்: பொருளில் வேறுபாடு இல்லை, அம்மா. அந்த ‘இ’ ஒலிப்பதும் இல்லை. எழுத்துக்கூட்டல் நிலைபெறாத காலத்தில், பங்குக்கோயில் பதிவேட்டில் எழுதியவர் தம் பழக்கப்படி எழுதினார். இங்கிலாந்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் கோயில்தோறும் எழுதி வைக்க வேண்டும் என்ற ஆணை 1538இல் வந்தது; அதற்குப் பிறகும்கூட ஒரே குடும்பம் தகப்பன் காலத்தில் ‘இ’ இல்லாமலும் மகன் காலத்தில் ‘இ’யோடும் எழுதப்பட்டது உண்டு. இந்தத் துன்பத்தை நான் நன்கு அறிவேன். என் பாட்டியின் பெயர் இலட்சுமி. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆட்பெயர்ப் பதிவேட்டில், அது ‘லெச்சுமி’. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘லட்சிமி’. அடையாள அட்டையில் ‘லெட்சுமி’. மூன்று தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் பெயருக்கு எதிரே கட்டைவிரல் ரேகை தெளிவாக விழுந்திருக்கிறது; பெயர்தான் அவருடையதாக இல்லை. மூவரும் ஒருவரே என்று நிறுவுவதற்கு, எழுபது வயதைத் தாண்டிய அந்த மூதாட்டி சத்தியப் பிரமாணம் செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் ஒரு கணம் நிறுத்தி, எழுத்தைக் கேட்டு எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பெயருக்குத் திரும்புவோம். 1853ஆம் ஆண்டுக்கெனத் தொகுக்கப்பட்ட, இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மிகப் பரவலான 50 குடும்பப்பெயர்ப் பட்டியலில் ‘இ’ உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் தனித்தனியே இடம்பெற்றன. இரண்டையும் கூட்டினால் இப்பெயர் இன்னும் மேலே ஏறியிருக்கும். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் ‘இ’ இல்லாததே மிகுதி. மேலே நான் கொடுத்த அமெரிக்க எண்ணிக்கை அந்த வடிவத்துக்கு மட்டும் உரியது. அயர்லாந்திலும் கரிபியன் தீவுகளிலும் ‘இ’ உள்ளது மிகுதி. இலங்கையில் 1956 முதல் வாழ்ந்து 2008இல் அங்கேயே மறைந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ‘இ’ வைத்தவர். நியூசிலாந்தின் பிரதமராக 1999 முதல் 2008 வரை இருந்த ஹெலன் கிளார்க் வைக்காதவர்.

அயர்லாந்துக் கதை தனியானது. அங்கே ‘ஓ கிளேரி’ என்றொரு பழங்குடும்பப்பெயர் உண்டு. எழுத்தரின் வழிவந்தவர் என்பது பொருள். 916ஆம் ஆண்டிலேயே ஆண்டுக்குறிப்புகளில் அது பதிவாகியிருப்பதால், ஐரோப்பாவின் மிகப் பழைய பரம்பரைப் பெயர்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சி வந்ததும் நிலைமை மாறியது. டப்ளினைச் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில், பதவி இவற்றில் ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டும் என்று 1465இல் சட்டமே போட்டார்கள். பிற்காலத்தில் ஓ கிளேரிகள் பலர் கிளார்க் ஆனார்கள். அவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அல்லர். அவர்களுடைய பெயர்தான் மொழிபெயர்க்கப்பட்டது. பங்கோர் ஒப்பந்தம் செய்த ஆளுநரின் தந்தைவழியும் அயர்லாந்தின் டொனிகாலைச் சேர்ந்தது. அங்கே ஐரிஷ் ஓ கிளேரிகளும் இருந்தார்கள், இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து குடியேறிய கிளார்க்குகளும் இருந்தார்கள். பெயரை மட்டும் வைத்து முன்னோரைச் சொல்ல முடியாது என்று முன்பு கூறியது இதனால்தான்.

கேள்வி: கிளார்க்சன் என்பதும் இதே பெயர்தானா? நம் அடையாள அட்டையில் வரும் ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்னும் மலாய்ச் சொற்களும் இந்த ‘சன்’ போன்றவையா?
— கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: கிளார்க்சன் என்றால் கிளார்க்கின் மகன். இப்பெயருடையோரில் நாம் மறக்கக்கூடாதவர் தாமஸ் கிளார்க்சன். 1760இல் பிறந்து 1846இல் மறைந்த இவர், அடிமைக் கப்பல்களின் மாலுமிகளைத் தேடித் தேடிக் கண்டு, சாட்சியம் திரட்டி, பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தை நிறுத்தப் பெரிதும் காரணமானவர். கரிபியன் தீவுகளிலும் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையேயும் கிளார்க் என்ற பெயர் பரவியதற்குப் பின்னால் அந்த அடிமைமுறை இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களுக்குத் தோட்ட முதலாளியின் பெயரோ, வேறோர் ஆங்கிலப் பெயரோ ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் போயிற்று. 1833இல் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிய பிறகு, பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் கூலியாட்களுக்காக இந்தியாவை நோக்கினார்கள். நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய கதை அங்கிருந்து தொடங்குகிறது. மலாயாவுக்கான அந்த ஒப்பந்தமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. பெயர் மட்டில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. எழுத்துக்கூட்டல் சிதைந்தாலும், முனியாண்டி முனியாண்டியாகவே கரையிறங்கினார்.

தங்கள் இரண்டாம் கேள்விக்கு: தொடக்கத்தில் இரண்டும் ஒன்றே. ராபர்ட்சன் என்றால் உண்மையிலேயே ராபர்ட்டின் மகன். அவருடைய மகன் வேறு பெயர் பெறுவார். பரம்பரைப் பெயராக உறைந்த பிறகுதான், தகப்பன் பெயர் ஹென்றியாக இருக்க, மகன் ராபர்ட்சனாகவே தொடர்ந்தார். நம் வழக்கம் உறையவில்லை. நம் ஊர் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தனின் பெயரில் உள்ள ‘வீ’ அவருடைய தந்தை வீராசாமி. சம்பந்தனின் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் சம்பந்தன். வீராசாமி அங்கே வரமாட்டார். ஆகவே ‘அனாக் லெலாக்கி’க்குப் பின்வரும் பெயரைக் குடும்பப்பெயர் என்று சொல்வது பொருந்தாது, அது தகப்பன் பெயர்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டி கிளார்க், கார் பந்தய வீரர் லெக்லெர்க் இவர்களும் உறவா?
— வாசகர், தைப்பிங்

பதில்: இரத்த உறவு இல்லை; சொல்லுறவு உண்டு. நெல்சன் மண்டேலாவோடு 1993இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட எப். டபிள்யூ. டி கிளார்க்கின் பெயர் டச்சு வழக்கில் ‘அந்த எழுத்தர்’. சார்ல்ஸ் லெக்லெர்க்கின் பெயர் பிரெஞ்சில் அதுவே.

கேள்வி: ஆங்கிலேயருக்குக் கிளார்க் குடும்பப்பெயராக ஆனது போல, நமக்குக் கிராணி ஏன் ஆகவில்லை?
— ஓய்வுபெற்ற ஆயா, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, வாய்வழக்கில் ஆகித்தான் இருக்கிறது. இந்தப் பகுதியின் முதல் கேள்வியை எழுதியவரே ‘கிராணி வீட்டுப் பிள்ளை’ அல்லவா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘கணக்குப்பிள்ளை வீடு’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வழக்கமும் இதுதான். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஊர்க்கணக்கர் பதவி குல்கர்ணி என்று முழுக் குடும்பப்பெயராகவே நிலைத்தது. கிராணி என்ற சொல் இந்தி, வங்காளம், மலாய் ஆகிய மொழிகளிலும் சிறு ஒலி வேறுபாடுகளோடு புழங்கும் பழைய சொல். பெயராவதற்கு வேண்டிய தகுதி எதுவும் அதற்குக் குறைவில்லை. இங்கே தடையாக இருந்தது செக்ரோலின் கட்டம். அதில் ஆள் பெயருக்கு ஓர் இடமும் தகப்பன் பெயருக்கு ஓர் இடமும்தான் இருந்தன. பெரட்டுக்களத்தில் நெட்டை முனியாண்டி என்றும் மாட்டுக்கார முனியாண்டி என்றும் கூப்பிட்ட கிராணியார், ஆபீசுக்கு வந்து பேனாவை எடுத்ததும் அந்த அடைமொழிகளை விட்டுவிட்டுத் தகப்பன் பெயரைத்தான் எழுதினார். தம் பிள்ளை பிறந்தபோதும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.